இருபத்தேழாம் நம்பருக்கு ஒரு வெள்ளிக் கால்

முதலில் எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். கடிதம் எழுதுவேன், கடைக்குச் சாமான் துண்டு எழுதுவேன். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. மறதியும் கூடிவிட்டது. ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றில் போய் நிற்பேன்.

எங்கள் விளையாட்டுக் கழகம் ஆண்டு மலர் போடுகிறதாம். உதைபந்தாட்டத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கழகச் செயலாளர் ஓட்டோவை வேலியோரம் நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் வெட்கப்பட்டுக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் விடவில்லை. "மாமி, இந்த ஊரில யப்பான் லீக்கை ஒரு முழு வருசம் பார்த்த ஆக்கள் ரெண்டு பேர்தான். ஒராள் உன்னிச்சைக்கு மகள்ட வீட்ட போயிற்றா. மிச்சம் நீங்கதான்" என்று குசினி யன்னலுக்கு நேரே வந்து நின்று சொன்னார்.

அது உண்மைதான். ஆனால் பந்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வருடமாகப் பந்தும் ஓடியது, நானும் பார்த்தேன். ஆனால் நான் பார்த்தது என் மச்சாளைத்தான். என் மனுசனுடைய தங்கை. அவளைப் பற்றி எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன். "என்ட பேர் எங்கயாவது அச்சில வந்தா உன்னத் தூக்கி வாவிக்குள்ள போட்டிருவன்" என்று முன்பே சொல்லியிருக்கிறாள். செய்யக்கூடியவள். தூக்குவதில் அவளுக்கு நிகரான ஆள் வாவிக்கு இந்தப் பக்கம், எங்கள் படுவான்கரையில் கிடையாது.

யாராவது விழுந்தால் முதலில் ஓடுகிறவள் அவள்தான். எங்கள் துறையில் பாதை ஓடுகிறது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டைப் படகைத்தான் பாதை என்போம். ஒருமுறை அதில் ஒரு பெரிய உத்தியோகத்தர் கால் சறுக்கினார். அவர் விழுந்து முடியவில்லை. பாதி விழுந்துகொண்டிருக்கும்போதே மச்சாள் தலையில் இருந்த மரக்கறிக் கூடையைப் போட்டுவிட்டு அவரைக் கக்கத்தில் பிடித்து நிமிர்த்திவிட்டாள். கத்தரிக்காய் முழுவதும் வாவியில் மிதந்தது. உத்தியோகத்தருக்கு நன்றி சொல்வதா கோபிப்பதா என்று தெரியவில்லை.

ஊரில் குடிக்கிற ஒருவர் இருந்தார். ஆலடிச் சந்தியில் வேர் ஓரமாகத் துண்டை விரித்துப் படுப்பது அவர் வழக்கம். மச்சாள் சந்தைக்குப் போகும்போது தூக்கி உட்கார வைப்பாள். வரும்போதும் தூக்கி உட்கார வைப்பாள். மூன்றாம் முறை அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, நான் விழல்ல அக்கா. படுத்திரிக்கன்."

இதைவிட மோசம் அவளுடைய அண்ணன் மகளின் கலியாணம். அண்ணன் மகள் என்றால் என் மகள்தான். மாப்பிள்ளை பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிட வந்தார். மற்றவர்கள் அட்சதை போட்டு ஆசீர்வாதம் சொன்னார்கள். மச்சாள் காலில் அவர் விழ விழ இவள் தூக்கினாள். நெற்றி நிலத்தில் படவே இல்லை. மூன்று முறை முயன்றார். பிறகு நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போனார். இப்போது மகளும் மருமகனும் கட்டாரில் இருக்கிறார்கள். மச்சாள் என்றால் மருமகனுக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயம்.

சிரிக்கிற கதை மட்டும் இல்லை. வெள்ளம் வந்த வருடம் என் மனுசனுக்கு நெஞ்சு வலி வந்தது. இடுப்பளவு தண்ணீர். மச்சாளும் அவளுடைய மகனும் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவரை இருத்தி, ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கி, தண்ணீருக்குள்ளால் பெரிய றோட்டில் நின்ற உழவு இயந்திரம் வரைக்கும் கொண்டுபோனார்கள். நான் பின்னால் அழுதுகொண்டு போனேன். அவள் திரும்பி, "அழுறதெண்டா கரையில நிண்டு அழு கா, தண்ணி கூடுது" என்றாள். அதற்குப் பிறகும் என் மனுசன் ஆறு வருடம் இருந்தார்.

அந்த மகன்தான் யப்பானுக்குப் போனான். சாப்பாட்டுப் பெட்டிகளில் சோறும் மீனும் அடுக்குகிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. அந்த நகரத்தில் ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறது. ஆட்ட நாட்களில் மைதானத்தில் உதவி செய்ய ஆட்கள் கேட்டார்கள். இவன் பெயர் கொடுத்தான். என்ன வேலை கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? விழுந்தவரைத் தூக்குகிற வேலை. பச்சைத் தொப்பி போட்ட நாலு பேர் ஸ்ரெச்சரை வைத்துக்கொண்டு மைதானத்தின் மூலையில் இருப்பார்கள். விசில் ஊதுகிற மத்தியஸ்தர் கையைக் காட்டினால் ஓட வேண்டும். அதைக் கேட்ட அன்று மச்சாள் ஊரில் பதினைந்து வீட்டுக்காவது போயிருப்பாள்.

அடுத்த தையில் அவன் தொழிற்சாலைப் படியில் சறுக்கி விழுந்தான். சின்ன அடி என்று போனில் சொன்னான்.

"ஆரு மனே தூக்கின?" என்றாள். அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"ஒருத்தரும் இல்ல. நானா எழும்பினன்" என்றான்.

அந்தச் சொல் அவளுக்குச் சரிவரவில்லை. அன்றிலிருந்து அவன் என் போனில் முகத்தைக் காட்டும்போதெல்லாம் இருந்தபடியே கதைத்தான். கட்டிலில் இருப்பான், இல்லாவிட்டால் நிலத்தில் இருப்பான். எழும்பி ஒருநாளும் காட்டவில்லை.

"கால் எப்பிடி?"

"நல்லா இரிக்கும்மா."

"எழும்பி நட பாப்பம்."

"அறை சின்னது அம்மா. ரெண்டு அடி வச்சா சுவர்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கு அந்த ரெண்டு அடியே போதும் கா. அதையும் வைக்கிறானில்ல" என்றாள்.

கால் பழுதென்றால் தூக்குகிற வேலையில் விட்டு வைப்பார்களா என்று நான் கேட்டேன். "மறைச்சிருப்பான். என்ட மகன்தானே" என்றாள்.

ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் போனில் நடக்க மாட்டான், ஆனால் மைதானத்தில் ஓடித்தானே ஆக வேண்டும். ஆட்டத்தைப் பார்த்தால் அவன் ஓடுவதைப் பார்க்கலாம். எப்படி ஓடுகிறான் என்று பார்த்தால் கால் எப்படி என்று தெரிந்துவிடும். அவளிடம் இருந்தது பட்டன் அமத்துகிற சின்னப் போன். என்னிடம் மகள் அனுப்பிய பலகை போன்ற பெரிய போன் இருந்தது. மகன் அங்கிருந்தே ஆட்டம் தெரிவதற்கு ஏற்பாடு செய்து தந்தான். அம்மாவுக்கு உதைபந்தில் ஆசை வந்துவிட்டது என்று அவனுக்குப் பெரிய சந்தோசம்.

மாசி மாதம் லீக் தொடங்கியது. இருபது கழகங்கள். ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு தரம் விளையாட வேண்டும், ஒன்று தன் ஊரில், ஒன்று அடுத்தவர் ஊரில். எங்களுக்கு அவர்கள் ஊரில் நடக்கிற ஆட்டம்தான் கணக்கு. அங்கே மத்தியானம் இரண்டு மணி என்றால் இங்கே காலை பத்தரை, நான் சோறு வடிக்கிற நேரம். மச்சாள் தன் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து, என் கதிரையை இழுத்துப் போட்டு, போனை அரிசி வாளிமேல் சாய்த்து வைத்து இருப்பாள். கழகங்களின் பெயர் எங்கள் வாயில் வராது. ஆகவே சட்டையைச் சொல்லித்தான் கதைப்போம். மகனுடைய ஊர்க்காரர் மாதுளம்பூ நிறம்.

முதல் ஆட்டத்தில் மூலையில் நாலு பச்சைத் தொப்பி தெரிந்தது. ஒவ்வொன்றும் பயறளவு. "வலப்பக்கத்துக் கடைசி" என்று அவன் சொல்லியிருந்தான். மச்சாள் விரலை வைத்தாள். "இந்தா இரிக்கான்." விரலை எடுத்தபோது படம் வேறு பக்கம் போய்விட்டது.

அப்போதுதான் எங்களுக்கு ஒரு விசயம் விளங்கியது. யாராவது விழுந்தால்தான் அவன் ஓடுவான்.

விழுந்தவரைத் தூக்கியே பழகியவள், என் குசினியில் இருந்துகொண்டு, பெற்ற தாய்மார் வளர்த்த யப்பான் பிள்ளைகளைப் பார்த்து "விழு மனே, விழு" என்று சொல்லத் தொடங்கினாள்.

அவர்களும் விழாமல் இல்லை. அந்த விளையாட்டுக்காரர்கள் விழுவதைப் பார்த்தால் உயிர் போய்விட்டது என்றே நினைப்பீர்கள். முகத்தைப் பொத்திக்கொண்டு மூன்று தரம் உருளுவார்கள். மச்சாள் கதிரையை விட்டு எழும்புவாள். மூலையில் நாலு தொப்பியும் எழும்பும். மத்தியஸ்தர் கையைத் தூக்கப் போகிற நேரம் பார்த்து, விழுந்தவர் எழும்பி, காலுறையை இழுத்துவிட்டு ஓடிப் போவார். நாலு தொப்பியும் மறுகா பழைய இடத்தில் இருந்துவிடும்.

"விழுந்தா விழுந்தபடி கிடவன்டா!" என்று மச்சாள் கத்துவாள். "தூக்க வாறவனை ஏமாத்திப்போட்டு ஓடுறான் பார்த்தியா கா? இவனுகள் வீட்டில சொல்லி வளர்க்கல்லயா?"

எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. "அவங்களுக்கு நோகல்ல போல மச்சாள்" என்பேன்.

"நோகாட்டி என்னத்துக்கு உருளுறான்?"

நான் எழும்பிச் சோற்றைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஒன்றை மட்டும் அவள் ஒத்துக்கொள்வாள். மாதுளம்பூக்காரர் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் வரிசையாக நின்று சனங்களைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டார்கள். அந்தச் சனமும் தோல்வி என்று பாராமல் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பாட்டுப் பாடியது. போகும்போது தாங்கள் இருந்த இடத்துக் குப்பையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனது. "விழுந்ததைப் பொறுக்கிற சனம். நல்ல சனம்தான்" என்றாள் மச்சாள். "ஆனா விளையாடுறதுகள்தான் கள்ளனுகள்."

இதற்கிடையில் அவள் பிள்ளையாரிடமும் சொல்லி வைத்தாள். கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். மெதுவாகக் கும்பிட அவளுக்குத் தெரியாது. "அப்பனே, பெரிசா ஒண்டும் வேணாம். ஒரு சுளுக்கு. சின்னச் சுளுக்கு. ரெண்டு நாளில சுகம் வாறமாதிரி."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. நான் என்ன செய்தேன் என்பதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அவள் கும்பிட்டுவிட்டு நகர்ந்ததும், அதே பிள்ளையாரிடம், ஒரு பிள்ளையும் விழக்கூடாது என்று நான் மெதுவாகக் கேட்டேன். ஒவ்வொரு வெள்ளியும் கேட்டேன். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று நாலு மாதம் அந்த மைதானத்தில் ஒருவரும் ஒழுங்காக விழவில்லை. இந்த மலர் உன்னிச்சைக்குப் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். எனக்கு வயது போய்விட்டது.

ஆடியில் அங்கேயும் வெயில் கடுமை என்று ஆட்டத்தை இரவு ஏழு மணிக்கு மாற்றினார்கள். எங்களுக்குப் பின்னேரம் மூன்றரை மணி. அந்த வெள்ளி எனக்குக் காய்ச்சல், கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த நாள் ஆட்டத்தில் மாதுளம்பூவில் இருபத்தேழாம் நம்பர் போட்ட ஒரு இளம் பிள்ளை பந்தோடு ஓடி வந்தான். மச்சாள் வழக்கம்போல "விழு" என்றாள். அவன் விழுந்தான்.

உருளவில்லை. அசையாமல் கிடந்தான். மத்தியஸ்தர் இரண்டு கையையும் தூக்கினார். மச்சாள் எழும்பி நின்றாள். ஸ்ரெச்சர் ஓடி வந்தது. ஆனால் அது மற்றப் பக்கத்து ஸ்ரெச்சர். மைதானத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்ரெச்சர் உண்டு என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. அவன் விழுந்தது அந்தக் கரையில். யாரோ பெற்ற நாலு பிள்ளைகள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பயறு எழும்பி நின்று பார்த்துவிட்டு இருந்துகொண்டது.

மச்சாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் சுளுக்குத்தானே கேட்டன்" என்றாள்.

காலில் எலும்பு முறிவு, இந்த வருடம் இனி விளையாட மாட்டான் என்று மகன் போனில் சொன்னான். அவள் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மட்டக்களப்புக்கு பஸ் ஏறிப் போய், நகைக் கடையில் விரல் நீளத்தில் வெள்ளியில் ஒரு கால் வாங்கி வந்தாள். கால் நோய்க்கு நேர்ந்துகொண்டு வெள்ளிக் கால் போடுவது எங்களுக்குப் புதிதில்லை. ஐயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஆற்ற பேருக்கு?" என்று ஐயர் கேட்டார்.

"பேர் வாயில வராது ஐயா. இருபத்தேழாம் நம்பர்."

"நட்சத்திரம்?"

"அதும் இருபத்தேழு எண்டு வையுங்க."

ஐயர் விரலை மடித்து எண்ணிப் பார்த்தார். "இருபத்தேழு ரேவதி" என்றார். யப்பானில் கட்டுப்போட்டுக் கிடந்த அந்தப் பிள்ளைக்கு ரேவதி நட்சத்திரத்தில் அருச்சனை நடந்தது. தீர்த்தத்தை அவனுக்காக மச்சாளே குடித்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். காய்ச்சலோடாவது அந்த வெள்ளி வந்திருக்கலாம் என்று எனக்குக் கவலை.

அதன் பிறகு அவள் "விழு" என்று சொல்வதில்லை. "ஒரு நாரிப்பிடிப்பு. இடுப்பில சின்னதா. இந்தக் கரையில" என்று மட்டும் முணுமுணுப்பாள்.

இவ்வளவும் வெளியில் ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். வயதுபோன ஒரு மனுசி ஒன்று விடாமல் யப்பான் ஆட்டம் பார்த்து, வேலிக்கு வெளியே கேட்கிற மாதிரிக் கத்துகிறாள். செயலாளர் வந்து, "மாமி, என்ன ஸ்கோர்?" என்று கேட்பார். "அது தெரியா மனே. ஒருத்தனும் விழல்ல" என்பாள். "காயம் இல்லாம விளையாடினா பெரிய பலம் மாமி. நீங்க விசயம் தெரிஞ்ச ஆள்" என்பார் அவர்.

அந்த நம்பிக்கையில்தான் புரட்டாதியில் நடந்த கழகங்களுக்கிடையிலான ஆட்டத்துக்கு அவளைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார். மாலை போட்டு, பந்தலில் முன் கதிரையில் இருத்தினார்கள். மத்தியஸ்தர் செயலாளர்தான். இடைவேளைக்கு முன் எங்கள் கழகப் பிள்ளை ஒருவன் கோலுக்கு நேரே விழுந்தான். செயலாளர் விசிலை வாயில் வைக்க முதலே, மாலை கழுத்தில் ஆட, பிரதம விருந்தினர் மைதானத்துக்குள் ஓடிவிட்டாள். அவனைத் தோளில் சாய்த்துத் தூக்கி எடுத்தாள். "விடுங்க மாமி, பெனல்ரி தரப்போறார்!" என்று அவன் அழாத குறை. எதிரணி சத்தம் போட்டது. செயலாளர் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து மச்சாளுக்குக் காட்டினார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, நன்றி சொல்லி, சட்டைக்குள் செருகிக்கொண்டாள். இரண்டு மஞ்சள் ஒரு சிவப்பு, சிவப்பு என்றால் ஆள் வெளியே என்று பிறகு அவர் எங்களுக்கு விளக்கம் சொன்னார். அட்டை திரும்பிக் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கார்த்திகை முடிந்து மழை பிடித்தது. கடைசி ஆட்டம் மகனுடைய ஊரில். கடைசி மூன்று இடத்துக்குள் வருகிறவர்கள் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். மாதுளம்பூக்காரர் தோற்றால் போக வேண்டியதுதான் என்று செயலாளர் கணக்குப் பார்த்துச் சொன்னார். அவரும் கழகத்தில் இரண்டு பேரும் குடையோடு வந்து என் குசினியில் இருந்தார்கள். எனக்கு வெட்கத்தில் சோறு குழைந்துவிட்டது. மச்சாளுக்கு வேறு கணக்கு. கீழ்ப் பிரிவு ஆட்டம் இந்தப் போனில் வருமா வராதா என்று மகனுக்கே தெரியவில்லை. இன்றைக்குக் காணாவிட்டால் இனி எங்கே காண்பது?

மாதுளம்பூ ஒரு கோல் பின்னுக்கு நின்றது. அங்கேயும் குளிர், மழைத் தூறல். முடிய நாலைந்து நிமிடம் இருக்கும். எங்கள் கரையில், மூலைக்குக் கிட்ட, இரண்டு பேர் மோதி ஒருவன் விழுந்தான். காலை மடிக்க முடியாமல் கிடந்தான். தசைப்பிடிப்பு என்றார் செயலாளர். மச்சாள் கேட்டது கேட்டபடி. மத்தியஸ்தர் கையைத் தூக்கினார். நாலு தொப்பி எழும்பியது. வலப்பக்கத்துக் கடைசித் தொப்பி ஸ்ரெச்சரைப் பிடித்துக் குனிந்தது. மச்சாள் போனைக் கையில் எடுத்து மூக்கில் முட்டுகிற மாதிரிப் பிடித்தாள்.

படம் மாறிவிட்டது. அவன் எப்படி விழுந்தான் என்று மறுகா காட்டினார்கள். மெதுவாகக் காட்டினார்கள். பின்னாலிருந்து காட்டினார்கள். மேலேயிருந்து காட்டினார்கள். திரும்பவும் மைதானம் வந்தபோது ஸ்ரெச்சர் கோட்டுக்கு வெளியே வைத்தாகிவிட்டது. நாலு பேரும் முதுகைக் காட்டி இருந்தார்கள்.

"விழுந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டுறானுகள்" என்றாள் மச்சாள். "தூக்கினதை ஒருக்காக் காட்டினா என்ன?"

ஆட்டம் முடிந்தது. மாதுளம்பூக்காரர் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். சனம் அழுது அழுது பாடியது. மச்சாளும் அழுதாள். அவளுடைய மனுசன் இறந்த வீட்டிலும் அவள் அப்படி அழுததை நான் காணவில்லை. செயலாளருக்கு மனம் கலங்கிவிட்டது. முழங்காலில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்க மாமி. ஒரு வருசம்தான். அடுத்த வருசம் மேல வந்திருவாங்க."

"ஓம் மனே" என்றாள் மச்சாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மார்கழிக் கடைசியில் தொழிற்சாலைக்கு லீவு என்று மகன் ஊருக்கு வந்தான். கொழும்பு பஸ்ஸில் வந்து, அக்கரையில் பாதை ஏறுகிறேன் என்று போன் பண்ணினான். நாங்கள் இரண்டு பேரும் துறையில் போய் நின்றோம். காலை எட்டு மணி இருக்கும். பாதை அரைவாசி வாவி வந்ததும் அவனைக் கண்டோம். நல்லாய் வெளுத்திருந்தான். தோளில் பை. கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"நிக்கிறான்" என்றாள் மச்சாள்.

"ஓம் மச்சாள்."

"நிண்டுகொண்டேதான் வாறான் கா. அசையிறானில்ல."

நிற்கிற ஆளைப் பார்த்து என்ன தெரியும்? பாதை வந்து கரையில் முட்டியது. சங்கிலியைக் கழற்றினார்கள். முதலில் மோட்டார் சைக்கிள்கள் இறங்கின. பிறகு சனம் நெருக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. இவன் எல்லாருக்கும் வழிவிட்டுப் பின்னுக்கு நின்றான். கூட்டத்துக்குள் ஒருவர் மேல் ஒருவர் முட்டி மெல்ல வந்தால் யாருடைய கால் எப்படி என்று எப்படிக் காண்பது?

அந்த நேரம்தான் மச்சாள் விழுந்தாள்.

"ஐயோ" என்று ஒரு சத்தம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு துறை நிலத்தில் விழுந்து, ஒரு தரம் உருண்டாள். அறுபது வருடமாக அந்தத் துறையில் நெல் மூட்டையோடும் கூடையோடும் ஏறி இறங்கினவள், ஒரு நாள் சறுக்கினதில்லை. வாழ்நாளில் ஒருநாளும் வெளியில் சத்தம் போடாத நான், துறை முழுவதும் கேட்கக் கத்தினேன். "மனே! ஓடி வா! அம்மா விழுந்திட்டா!"

சனம் விலகியது. அவன் பையை எறிந்தான். ஓடி வந்தான்.

நான் குனிந்து அவளைத் தூக்கப் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "தொடாத கா. அங்கால நில்லு. மறைக்காத."

அப்போதுதான் பார்த்தேன். அவள் கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கால் கொஞ்சம் இழுத்தது. வலதை வைத்து, இடதை ஒரு சொட்டு பிந்தி வைத்து, ஆனாலும் நல்ல வேகமாகத்தான் ஓடி வந்தான். எத்தனையோ பேரைத் தூக்க ஓடின ஓட்டம் அது.

இன்னும் மூன்று அடி இருக்கும்போது மச்சாள் எழும்பினாள். சீலையைத் தட்டினாள்.

"இடது" என்று எனக்குச் சொன்னாள். "முழங்காலுக்குக் கீழ. எலும்பில்ல, நரம்பு. எண்ணெய் போட்டா சரிவரும்."

அவன் இரண்டு கையையும் நீட்டினபடி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "அம்மா, விழுந்தீங்களே? ஆரு தூக்கின?"

"நானா எழும்பினன்" என்றாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவன் ஒரு மாதம் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். கால் இப்போது நல்லது என்று போனில் எழும்பி நடந்து காட்டினான், இரண்டு அடி. மச்சாள் உன்னிச்சையில் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கீழ்ப் பிரிவு ஆட்டமும் இந்தப் போனில் வருகிறது, சனிக்கிழமைகளில் நான் தனியாகப் பார்க்கிறேன். இருபத்தேழாம் நம்பர் திரும்பி வந்து விளையாடுகிறான். அவன் விழுந்தால் நான் வாயைத் திறப்பதில்லை.

செயலாளர் தம்பி, இதை அச்சில் போட முதல் யாராவது சரிபார்க்க வேண்டும். கழகங்களின் எண்ணிக்கை, யார் எத்தனையாம் இடம், கடைசி ஆட்டத்தில் எத்தனை கோல் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்குத் துறையில் நின்ற ஆட்களையும் கேளுங்கள், அவள் விழுந்த இடம் ஈரமாய் இருந்ததா காய்ந்திருந்ததா என்று. அவளைக் கேட்டேன், சறுக்கினது என்கிறாள். நடித்து விழுந்தால் மஞ்சள் அட்டை என்று நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். அவளிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆகவே நிலம் காய்ந்திருந்தது என்று யாராவது சொன்னால், அதை மட்டும் போட வேண்டாம்.